அத்தைக்குக் கரண்ட் வச்ச கதை

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு போன். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். வருஷத்துக்கு ஒரு தடவை பேசினாலே அதிகம். எடுத்த உடனே, "ஒங்க அத்தைக்குக் கரண்ட் வச்சாங்கள்லா, அது எப்படிடே இருந்துச்சு?" என்றான். அவன் அம்மாவுக்கு ஒன்றரை வருஷமாக டிப்ரஷன். மூணு மருந்து மாத்திப் பார்த்தாச்சாம், ஒண்ணும் கேட்கலை. டாக்டர் ஈ.சி.டி. கொடுக்கலாம் என்கிறாராம். வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்கிறார்கள். "நீ சொன்னாக் கேப்பேன்" என்று வேறு சொல்லிவிட்டான்.

எனக்கு வயித்தைக் கலக்கிவிட்டது. இருபத்துச் சொச்ச வருஷத்துக்கு முன்னாடி இதே கேள்வி எங்க வீட்டுத் திண்ணைக்கு வந்தபோது தப்பான பதிலைச் சொன்னவன் நான்தான். அவனுக்குப் போனில் சொன்னது கால்வாசி. மீதியை இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளமான கொசுவத்தி, பொறுத்துக்குங்க மக்களே. (ஆதிச்சநல்லூர் பத்தி எழுதுன்னு கேட்டவங்களுக்கு: வரும், வரும்.)

எங்க ஊர்ப் பக்கம் பேசாமல் இருப்பதற்கு ஒரு மரியாதை உண்டு. குமரகுருபரர் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர், 17-ம் நூற்றாண்டு. அஞ்சு வயசு வரைக்கும் பேச்சு வரவில்லை. பெற்றவர்கள் திருச்செந்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய் முருகன் சன்னதியில் கிடந்தார்கள், பேச்சு வந்தது, வந்த பேச்சே கந்தர் கலிவெண்பாவாக வந்தது என்பார்கள். ஆத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் ஆழ்வார்திருநகரி. அங்கே நம்மாழ்வார் பதினாறு வருஷம் புளியமரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்து, மதுரகவி வந்து கேள்வி கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். இந்த இரண்டு கதையையும் கேட்டு வளர்ந்த ஊரில் ஒரு பொம்பளை திடீரென்று பேச்சை நிறுத்தினால் யாருக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வரும்?

2001 தை மாசம் ஆச்சி, அதாவது அத்தையைப் பெத்தவள், போய்ச் சேர்ந்தாள். அத்தை பதினாறாம் நாள் வரைக்கும் எல்லாக் காரியமும் தானே நின்று செய்தாள். மாசியில் தூக்கம் போச்சு. பங்குனியில் சாப்பாடு பாதியாச்சு. சித்திரையில் பேச்சு நின்றுபோச்சு. கேட்டால் பதில் வராது, பார்த்துக்கொண்டே இருப்பாள். மாமா தூத்துக்குடி உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. தினம் காலையில் பஸ் ஏறி, சாயங்காலம் அத்தை காலையில் இருந்த அதே நாற்காலியில் அதே மாதிரி இருப்பதைப் பார்ப்பதற்குத் திரும்பி வருவார். திருச்செந்தூருக்குப் போனோம். குணசீலம் போனோம். சோட்டானிக்கரை போனோம். புளியம்பட்டி அந்தோணியார் கோயிலில் கயிறு கட்டினோம். குற்றாலத்தில் தலையைக் காட்டச் சொன்னார்கள், ஆனி மாசச் சாரலில் அதுவும் ஆச்சு. உள்ளூரில் ஒரு டாக்டர் சத்து ஊசி போட்டுத் தூக்க மாத்திரை கொடுத்தார். ஆடியில் அத்தை எலும்பும் தோலும்.

அப்போதுதான் சொந்தக்காரர் ஒருத்தர் ஏர்வாடி பேச்சை எடுத்தார். ராமநாதபுரம் மாவட்டத்தில், இதே கடற்கரையில்தான் இருக்கிறது. தர்காவைச் சுற்றி நிறைய விடுதிகள், பணம் கட்டினால் பார்த்துக்கொள்வார்கள் என்றார். மாமா அரை மனசாகத் தலையாட்டிவிட்டார். 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி விடியக்காலம் அங்கே ஒரு விடுதியில் தீப்பிடித்து 28 பேர் செத்துப்போனார்கள். காலில் சங்கிலி, ஓடமுடியவில்லை. அப்பா டீக்கடையில் பேப்பரைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்து ஒன்றும் பேசாமல் அத்தையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்த வாரமே திருநெல்வேலியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனோம்.

அவர் மாத்திரை கொடுத்தார். ஒன்று மாற்றி இன்னொன்று. அத்தை தண்ணீரும் குடிக்காத நிலைக்கு வந்தபோது, "கரண்ட் ட்ரீட்மெண்ட் கொடுத்திடுவோம், காத்திருந்தா ஆபத்து" என்றார். இங்கேதான் அய்யா நுழைகிறார். காலேஜ் முடித்த திமிர். "மூளையைக் கருக்கிடுவாங்க, அத்தை கத்திரிக்கா மாதிரி ஆயிடுவா" என்று குதித்தேன். ஆதாரம்? சினிமா. ஜாக் நிக்கல்சன் நடித்து 1975-ல் வந்த படத்தை ('ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்') காலேஜில் பார்த்திருந்தேன். அதைத் தழுவி 1986-ல் பிரியதர்ஷன் எடுத்த 'தாளவட்டம்', அது தமிழில் பிரபு நடித்து 'மனசுக்குள் மத்தாப்பு' ஆனது, எல்லாம் அத்துப்படி. "நீ பாத்தது சினிமாலே" என்றார் அப்பா. ஆனாலும் படிச்ச பையன் சொல்கிறானே என்று மாமா பயந்துவிட்டார். மூணு வாரம் தள்ளிப்போட்டார்கள். அந்த மூணு வாரமும் அத்தைக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி ஊத்தினார்கள்.

நான் பயந்தது முட்டாள்தனம்தான். ஆனால் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடித் தேடிப் படித்தபோது, அது வெறும் சினிமாப் பயமும் இல்லை என்று தெரிந்தது.

மின்சாரத்தைத் தலையில் வைப்பது பழைய யோசனை. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின் திருக்கை மீனைத் தலையில் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். அதே நூற்றாண்டில்தான் ரோமாபுரிக் கப்பல் வியாபாரம் நம்ம கொற்கை முத்து வரைக்கும் நீண்டிருந்தது. மன்னார் வளைகுடாவிலும் மின் திருக்கை உண்டு. வலையில் தெரியாமல் தொட்டால் கை மரத்துப்போகும் என்று தூத்துக்குடி மீனவர்களுக்குத் தெரியும். முத்து போனது, அந்த வைத்தியம் இந்தப் பக்கம் வந்ததா என்று யோசிப்பது எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. வெறும் யோசனைதான், சண்டைக்கு வராதீங்க :-)

ஆனால் ஈ.சி.டி.யின் தாத்தா மின்சாரமே இல்லை, கற்பூரம். 1934 ஜனவரியில் புடாபெஸ்டில் மெதுனா என்ற டாக்டர், பேசாமல் அசையாமல் கிடந்த ஒரு நோயாளிக்குக் கற்பூர எண்ணெயை ஊசியாகப் போட்டு வேண்டுமென்றே வலிப்பு வரவைத்தார். காக்காய் வலிப்பும் ஸ்கிசோஃப்ரினியாவும் ஒன்றுக்கொன்று எதிரி, ஒன்று வந்தால் மற்றது ஓடும் என்பது அவர் தியரி. தியரி சுத்தமாகத் தப்பு. ஆனால் நாலு வருஷம் மரக்கட்டையாகக் கிடந்தவர் எழுந்து பேசினார் என்று மெதுனா எழுதினார். பின்னாளில் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளைத் தோண்டியவர்கள், குணம் அவர் எழுதிய அளவுக்கு முழுசாக இல்லை என்கிறார்கள். இருந்தாலும் வலிப்பில் ஏதோ இருக்கிறது என்பது பிடிபட்டுவிட்டது. கற்பூரத்துக்குப் பதில் மெட்ரஸால் என்ற ரசாயனம் வந்தது. ஊசி போட்டதற்கும் வலிப்பு வருவதற்கும் நடுவில் சில நொடி, சாகப்போகிறோம் என்ற திகில். அதை அனுபவித்தவர்கள் அடுத்த தடவை ஊசியைக் கண்டாலே ஓடினார்கள்.

அந்தத் திகிலைத் தவிர்க்கத்தான் மின்சாரம் வந்தது. கொடுமைப்படுத்த வந்தது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ரோமில் ஊகோ செர்லெட்டியும் அவர் உதவியாளர் லூசியோ பினியும் நாய்களிடம் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வாயிலும் பின்பக்கமும் மின்முனை வைத்தால் கரண்ட் இதயத்தின் வழியாகப் போய் நாய் செத்தது. தலையில் மட்டும் வைத்தால் பிழைத்தது. ரோம் கசாப்புக்கூடத்தில் பன்றிகளுக்கு அறுப்பதற்கு முன் தலையில் கரண்ட் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டு செர்லெட்டி அங்கே போனார். அறுக்காமல் விட்ட பன்றி கொஞ்ச நேரத்தில் எழுந்து ஓடியதைப் பார்த்தார். 1938 ஏப்ரலில் முதல் மனிதர். ரயில் நிலையத்தில் சித்தம் கலங்கி அலைந்துகொண்டிருந்தவர் என்று போலீஸ் கொண்டுவந்து விட்டவர். சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. பதினோரு தடவைக்குப் பிறகு தெளிந்து வீட்டுக்குப் போனார், பிற்பாடு நோய் திரும்பியும் வந்தது. இந்த ஒரு மனிதர் கதையிலேயே ஈ.சி.டி.யின் நல்லது கெட்டது எல்லாம் அடக்கம்.

ஸ்கிசோஃப்ரினியாவுக்கென்று ஆரம்பித்தது, சீக்கிரமே கடுமையான மனச்சோர்வுக்குத்தான் அதிகம் கேட்கிறது என்று தெரிந்தது. ஆனால் வலிப்பு என்றால் முழு வலிப்பு. விழித்திருக்கிற ஆளைப் படுக்கவைத்து நாலு பேர் கையையும் காலையும் பிடித்துக்கொள்ள, உடம்பு வில்லாக வளையும். முதுகெலும்பு நொறுங்கும், பல் உடையும். 1940-ல் அமெரிக்காவில் பென்னெட், தென்னமெரிக்க அம்பு விஷமான கியூராரேயைக் கொடுத்துத் தசையைத் தளர்த்திப் பார்த்தார். 1950-களின் தொடக்கத்தில் சக்ஸினைல்கோலின் வந்தபிறகு அது எளிதானது. ஆளை மயக்கத்தில் ஆழ்த்தி, தசையைத் தளர்த்தி, ஆக்ஸிஜன் கொடுத்து, பிறகு கரண்ட். மூளைக்குள் மட்டும் வலிப்பு நடக்கும், உடம்பு சும்மா கிடக்கும். ஆக, அந்த நிக்கல்சன் படம் வரும்போது இதற்கெல்லாம் வழி வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வழி வந்தது, ஆனால் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரவில்லை. மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளிலேயே அடங்காத நோயாளியை அடக்குவதற்கு ஷாக் வைத்த காலம் உண்டு. இந்தியாவுக்கு இது 1940-களிலேயே வந்துவிட்டது. சென்னையில் 1794-ல் கம்பெனி சர்ஜன் வாலண்டைன் கானலி ஆரம்பித்த பைத்தியக்கார விடுதிதான், 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறிய ஆஸ்பத்திரிக்கு முன்னோடி. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று நாம கிண்டலடிக்கிறோமே, அதேதான். 1961-லிருந்து பதினேழு பதினெட்டு வருஷம் அதை நடத்தியவர் டாக்டர் சாரதா மேனன், நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று சொல்லப்படுபவர், 2021 டிசம்பரில் 98 வயதில் காலமானார். நோயாளிகளைப் பூட்டி வைக்கிற இடம் என்பதை வந்துபோகிற இடமாக மாற்றப் பாடுபட்டவர். அவரைப் பற்றித் தனியாகவே எழுதணும்.

நம்ம நாட்டில் மயக்க மருந்து இல்லாமல் கொடுப்பதற்கு டாக்டர்கள் பாஷையில் 'டைரக்ட்' என்று பெயர். ஏதோ பஸ் மாதிரி. ஏன் கொடுத்தார்கள்? அறுவை சிகிச்சைக்கே மயக்க டாக்டர் கிடைக்காத ஊரில் மனநோயாளிக்கு எங்கே கிடைப்பார் என்பதுதான் வாதம். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 1993-ல் தங்கள் பதினோரு வருஷக் கணக்கை வெளிப்படையாக எழுதினார்கள்: 1,800-க்கு மேற்பட்ட நோயாளிகள், 13,000-க்கு மேற்பட்ட தடவை, மயக்க மருந்து இல்லாமல். எலும்பு முறிவு நூற்றில் ஒருத்தருக்கும் குறைவு. பயந்த அளவுக்கு மோசம் இல்லை, சாகக் கிடப்பவருக்கு ஒன்றுமே கொடுக்காமல் விடுவதைவிட இது மேல் என்று அந்தத் தரப்பு சொன்னது. பல நல்ல டாக்டர்களே சொன்னார்கள். அந்த வாதத்தை என்னால் முழுசாகத் தள்ள முடியவில்லை. ஆனால் படுக்கையில் கையைக் காலைப் பிடித்து அழுத்தப்பட்டவர்களை யாரும் எண்ணிக்கையாக எழுதவில்லை. முறியாத எலும்பு கணக்கில் வரும், அந்தத் திகில் வராது. பயம் அங்கேதான் உற்பத்தியாகி, ஊர் ஊராகப் பரவி, எங்க வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்தது.

வேலை செய்கிறதா என்பதில் சந்தேகம் குறைவு. பெங்களூரு நிம்ஹான்ஸில் கங்காதர் உள்ளிட்ட மருத்துவர்கள் 1982-லேயே ஈ.சி.டி.யையும் இமிப்ரமின் மாத்திரையையும், யாருக்கு எது என்று நோயாளிக்கும் மதிப்பிடுபவருக்கும் தெரியாதபடி ஒப்பிட்டு பிரிட்டிஷ் பத்திரிகையில் எழுதினார்கள். 2003-ல் லான்செட்டில் வந்த பெரிய தொகுப்பு ஆய்வு, போலி சிகிச்சையைவிடவும் மாத்திரைகளைவிடவும் இது பலமானது என்றது. இதன் எதிர்ப்பக்கம் 2006-ல் அமெரிக்காவிலிருந்து வந்தது. சுமார் நாலாயிரம் பேர் சேர்ந்த 'ஸ்டார் டி' ஆய்வு. முதல் மருந்தில் மூணில் ஒருத்தருக்கு நோய் விலகியது. இரண்டு மருந்து கேட்காதவர்களுக்கு மூணாவதிலும் நாலாவதிலும் நூற்றுக்குப் பதிமூணு பேருக்குத்தான். நண்பனுக்கு நான் போனில் சொன்ன ஒரே எண் இதுதான். இன்னொரு மாத்திரை, இன்னொரு மாத்திரை என்று போவதில் மாதங்கள் போகின்றன, பலன் தேய்கிறது.

சரி, ஏர்வாடிக்கு வருவோம். அந்தத் தீக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அதே 2001-ல் டெல்லியிலிருந்து 'சார்த்தக்' என்ற அமைப்பு, மயக்க மருந்து இல்லாத ஈ.சி.டி.யைத் தடைசெய்யக் கேட்டு அதே கோர்ட்டுக்குப் போனது. சங்கிலியும் டைரக்ட் ஷாக்கும் ஒரே சமயத்தில் ஒரே படியேறின. முடிவு வரப் பதினாறு வருஷம். 2017-ல் வந்து 2018 மே 29 முதல் நடைமுறையான மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-வது பிரிவைப் பாருங்கள். தசைத் தளர்த்தியும் மயக்க மருந்தும் இல்லாத ஈ.சி.டி. கூடாது. யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது. இரண்டும் ஒரே பிரிவு, ரெண்டு மூணு வரி இடைவெளி. சிறுவர்களுக்குப் பெற்றோர் சம்மதமும் வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும். அவசர சிகிச்சை என்ற பெயரிலும் கொடுக்க முடியாது. இந்தக் கடைசி விஷயத்தில் டாக்டர்களுக்கு வருத்தம் உண்டு, அத்தை மாதிரி சாப்பிடாமல் கிடப்பவருக்கு அவசரம்தானே என்கிறார்கள். நியாயம்தான் என்று படுகிறது.

அத்தைக்கு நடந்தது இந்தச் சட்டத்துக்கெல்லாம் முன்னாடி. ஆனால் அந்த டாக்டர் மயக்க மருந்து இல்லாமல் கொடுக்கமாட்டேன் என்பவர். மயக்க டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் வருவார், அந்த இரண்டு நாள்தான். முதல் நாள் காலை வெறும் வயிறு. வளையல், தோடு எல்லாம் கழற்றியாச்சு. நர்ஸம்மா மெட்டியையும் கழற்றச் சொன்னார். ஆறு மாசமாக எதற்கும் அசையாத அத்தை காலை இழுத்துக்கொண்டாள். புருஷன் இருக்கும்போது மெட்டியைக் கழற்றுவதா? அத்தைக்குள் அத்தை இன்னும் இருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்த முதல் அடையாளம் அது. மாமாதான் குனிந்து, "நான் என் பையில வச்சிருக்கேன் தாயி, வந்ததும் நானே போட்டுவிடுதேன்" என்று கழற்றினார்.

கதவு சரியாகச் சாத்தவில்லை, பார்த்துவிட்டேன். ஊசி போட்டதும் தூங்கிப்போனாள். ஒரு காலில் மட்டும் பி.பி. பார்க்கிற பட்டையை இறுக்கியிருந்தார்கள், தசை தளர்த்தும் மருந்து அந்தப் பாதத்துக்குப் போகாமல் இருக்க. வலிப்பு வந்ததா என்று தெரியவேண்டுமே! கரண்ட் போனது சில விநாடி. அலறல் இல்லை, துள்ளல் இல்லை. மெட்டி இல்லாத அந்த ஒரு கால் விரல்கள் மட்டும் முக்கால் நிமிஷம் வெட்டி வெட்டி இழுத்து நின்றன. அவ்வளவுதான். இதற்காகவா மூணு வாரம் குழாயில் கஞ்சி குடிக்கவைத்தோம் என்று எனக்கு உட்காரவேண்டும் போல ஆகிவிட்டது.

நாலாவது தடவை முடிந்த அன்று சாயங்காலம் அத்தை, "காப்பியில சீனி பத்தல" என்றாள். மாமா தம்ளரைக் கீழே போட்டுவிட்டார். மொத்தம் எட்டு. தீபாவளிக்கு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இதோடு சுபம் போட்டால் பொய். வீட்டுக்கு வந்த மறுநாள் பின்கட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அம்மையை எங்க காணோம்?" என்று கேட்டாள். அந்த வருஷத்தின் பாதி அவளிடம் இல்லை. ஆச்சி செத்ததும் அதில் போயிருந்தது. அப்பா இன்னொரு தடவை சொல்லவேண்டியிருந்தது. அத்தை புதுசாகக் கேட்பவள் மாதிரி, புதுசாகத்தான் கேட்டாள், ரெண்டு நாள் அழுதாள். சில விஷயங்கள் பிறகு திரும்பி வந்தன. அந்த பங்குனி, சித்திரை வரவே இல்லை. ஞாபகம் போவது இந்த வைத்தியத்தின் உண்மையான விலை. மின்முனையை ஒரு பக்கம் மட்டும் வைப்பது, கரண்டைத் துளித்துளியாகக் கொடுப்பது என்று பிற்காலத்தில் நிறையக் குறைத்திருக்கிறார்கள், பூஜ்யமாக்கவில்லை. டாக்டர் முதலிலேயே இதை விவரமாகச் சொன்னாரா என்று கேட்டால், யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. உயிருக்கு ஆபத்து என்று பார்த்தால் லட்சம் தடவைக்கு இரண்டு என்கிற அளவு, மயக்க மருந்தின் அபாயத்தோடு ஒட்டியதுதான்.

நிறுத்தினால் திரும்பி வரும் என்பது இன்னொன்று. அதே 2001-ல் அமெரிக்காவில் வந்த சாக்கைம் ஆய்வில், ஈ.சி.டி.யில் குணமானவர்களுக்கு அப்புறம் மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்தபோது ஆறு மாதத்தில் 84 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. லித்தியமும் நார்ட்ரிப்டிலினும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு 39. அத்தைக்கும் லித்தியம் எழுதினார்கள். என்ன மருந்து இது என்று மாமா கேட்க, "இதுவும் ஒரு உப்புதான் அண்ணாச்சி" என்றார் டாக்டர். உப்பளத்துக்காரருக்கு அதைவிட நம்பிக்கையான வார்த்தை வேறு கிடையாது. ஒருநாள் தவறாமல் எடுத்துக் கொடுத்தார், ரத்தப் பரிசோதனைக்கும் அவரே கூட்டிப்போனார்.

இப்போது வேறு வழிகளும் இருக்கின்றன என்று நண்பனிடம் சொன்னேன். 1985-ல் ஷெஃபீல்டில் பார்க்கர் செய்து காட்டிய காந்தத் தூண்டல், டி.எம்.எஸ். என்பார்கள். அமெரிக்காவில் 2008-ல் மனச்சோர்வுக்கு அனுமதி கிடைத்தது. மயக்கம் வேண்டாம், வலிப்பு இல்லை, ஞாபகம் போகாது. வாரக்கணக்கில் தினமும் போய் உட்காரவேண்டும். மூளைக்குள்ளேயே கம்பி வைக்கிற முறையை 2005-ல் டொரண்டோவில் ஹெலன் மேபர்க் குழு ஆறு பேருக்குச் செய்து நாலு பேர் தேறினார்கள், பெரிய அளவில் சோதித்தபோது அந்தப் பலன் நிற்கவில்லை. 2023-ல் கெட்டமினை ஈ.சி.டி.யோடு ஒப்பிட்டு, பிரமை இல்லாத மனச்சோர்வுக்கு அதற்குச் சளைத்ததில்லை என்று எழுதினார்கள். ஆனால் சாப்பாட்டையும் பேச்சையும் நிறுத்திய நிலைக்கு இன்றைக்கும் டாக்டர்கள் முதலில் நீட்டுவது அந்தப் பழைய கரண்டைத்தான். அது ஏன் கேட்கிறது என்பதற்கு எல்லாரும் ஒத்துக்கொள்கிற விளக்கம் இன்னும் வரவில்லை.

"நீ என்னதாம்ல சொல்லுதே?" என்றான் கடைசியில். முடிவை நான் சொல்லமாட்டேன், ஒரு தடவை சொன்னதே போதும் என்று சொல்லி, மயக்க டாக்டர் யார், ஒரு பக்கமா ரெண்டு பக்கமா, எத்தனை தடவை, முடிந்தபிறகு என்ன மாத்திரை, ஞாபகம் எவ்வளவு போகும், இதையெல்லாம் கேட்டு எழுதி வாங்கு, உங்க அம்மாகிட்டயும் கேளு என்றேன். அப்புறம் அத்தை வீட்டுக்கு அவனையும் அவன் அம்மாவையும் போகச் சொன்னேன். அத்தைக்கு இப்போது எழுபத்தாறு. நடுவில் ஒருதடவை, 2009-ல், நோய் எட்டிப் பார்த்தது. அப்போது அவளே "கரண்ட் வச்சிருங்க, மாத்திரைக்குக் காத்திருக்க வேண்டாம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறார்கள். அத்தை வைத்தியத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லையாம். அவன் அம்மா காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மெட்டியைக் கழத்தச் சொல்லுவாவ. அழாதீங்க மதினி. திரும்பப் போட்டுக்கிடலாம்" என்றாளாம். அவன் அம்மா மாசக்கணக்கில் முதல் தடவையாகத் தலையை ஆட்டியிருக்கிறார்.

நேற்று முதல் நாள் முடிந்தது. மெட்டி அவன் சட்டைப்பையில் இருந்ததாம்.